'இன்ஃபர்மேஷன் பிராவோ': விமான நிலைய வானிலைப் பதிவைக் கேட்டுப் புரிந்துகொள்வது எப்படி?

செம்பூரில் மொட்டை மாடியில் நின்று பார்ப்பவர்களுக்கு இது தெரியும். சில நாட்களில் விமானங்கள் குர்லா, செம்பூர் பக்கமாகத் தாழ்வாக வந்து இறங்கும். மற்ற நாட்களில் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது, காட்கோபர் வழியாகப் போய்விடும். எந்த ஓடுபாதை பயன்பாட்டில் இருக்கிறது என்பதே இதை முடிவு செய்கிறது. எந்த ஓடுபாதை, என்ன காற்று, எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதையெல்லாம் அரை நிமிடத்தில் சொல்லும் ஒரு குரல்பதிவு, விமான நிலையத்தின் தனி அலைவரிசையில் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன் பெயர் ஏடிஸ்.

விமானிக்கான ஆங்கிலத் தேர்வுக்கும் ஆர்டிஆர் எனப்படும் வானொலி உரிமத் தேர்வுக்கும் தயாராகிறவர்கள் பயப்படும் விஷயங்களில் இதுவும் ஒன்று. மாட்டுங்காவில் ஆங்கில வழியில் படித்தவரும் சரி, தாராவியில் மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளியில் படித்துவிட்டுப் பிறகு அறிவியல் பிரிவுக்கு மாறியவரும் சரி, முதல் முறை கேட்டதும் சொல்வது ஒன்றுதான்: "வேகமா போகுது, ஒண்ணும் புரியல."

உண்மையில் இதில் ஆங்கிலம் மிகக் குறைவு. இருப்பது ஒரு சட்டகம், கொஞ்சம் எண்கள், சுமார் ஐம்பது சொற்கள். சட்டகம் பிடிபட்டால் மீதி வந்துவிடும்.

ஏடிஸ் என்றால் என்ன?

ஆட்டோமேட்டிக் டெர்மினல் இன்ஃபர்மேஷன் சர்வீஸ் என்பதன் சுருக்கம் இது. ஒரு விமான நிலையத்துக்கு மணிக்கு நாற்பது விமானங்கள் வருகின்றன என்றால், ஒவ்வொரு விமானியிடமும் காற்று, மேகம், அழுத்தம், ஓடுபாதை என்று கட்டுப்பாட்டாளர் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அதனால் பொதுவான தகவலைப் பதிவு செய்து ஓடவிடுகிறார்கள். விமானி முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்வார். இப்போது பெரும்பாலும் கணினிக் குரல்தான். பெரிய நிலையங்களில் அதே தகவல் எழுத்து வடிவிலும் காக்பிட் திரைக்கு வருகிறது.

ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எழுத்து உண்டு. ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று வரிசையாகப் போகும். நிலைமை மாறினால் புதிய பதிவு வரும், எழுத்தும் மாறும். ஸூலு முடிந்தால் மீண்டும் ஆல்ஃபா. கட்டுப்பாட்டாளரை முதலில் அழைக்கும்போது "இன்ஃபர்மேஷன் பிராவோ" என்று விமானி சேர்த்துச் சொல்வார். அவரிடம் இருப்பது பழைய தகவலா, புதிய தகவலா என்பது அந்த ஒரு சொல்லிலேயே கட்டுப்பாட்டாளருக்குத் தெரிந்துவிடும்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ, இந்தக் குரல்பதிவு முடிந்தவரை 30 விநாடிக்குள் இருக்க வேண்டும் என்றும், வேகத்தால் தெளிவு கெடக் கூடாது என்றும் பரிந்துரைக்கிறது. மழைக்காலத்தில், சொல்ல வேண்டியது நிறைய இருக்கும்போது, 30 விநாடிக்குள் அடங்குவது கஷ்டம்தான்.

லோக்கல் ரயில் அறிவிப்பு மாதிரிதான்

சயானிலோ மாட்டுங்காவிலோ தினமும் ரயில் ஏறுகிறவர் மராத்தி அறிவிப்பைச் சொல்லுக்குச் சொல் கேட்பதில்லை. எந்த இடத்தில் பிளாட்ஃபார்ம் எண் வரும், எந்த இடத்தில் ஸ்லோவா ஃபாஸ்டா என்று வரும், எந்த இடத்தில் எத்தனை பெட்டி என்று வரும் என்பது காதுக்குப் பழகியிருக்கும். மராத்தி சுத்தமாகத் தெரியாத, திருநெல்வேலியிலிருந்து வந்து இரண்டு மாதமே ஆனவர்கூட மூன்றாவது வாரத்தில் சரியான வண்டியில் ஏறிவிடுவார். எல்லாச் சொல்லையும் பிடிக்க அவர் முயல்வதில்லை. தேவையான இடம் வரும்போது மட்டும் காதைக் கூர்மையாக்குகிறார்.

ஏடிஸும் அப்படித்தான். வரிசை கிட்டத்தட்ட எல்லா நாட்டிலும் ஒன்றே: நிலையத்தின் பெயர், பதிவின் எழுத்து, நேரம், இறங்கும் முறையும் ஓடுபாதையும், ஓடுபாதையின் நிலை, காற்று, பார்வைத் தூரம், வானிலை, மேகம், வெப்பநிலை, அழுத்தம், கடைசியில் போக்கும் எச்சரிக்கைகளும்.

மழைக்கால மும்பைக்கான ஒரு மாதிரி கீழே இருக்கிறது. பயிற்சிக்காக எழுதியது, உண்மைப் பதிவு அல்ல. ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்க.

"மும்பை இன்ஃபர்மேஷன் பிராவோ. டைம் ஜீரோ ஃபைஃப் ஃபோவர் ஜீரோ. எக்ஸ்பெக்ட் ஐஎல்எஸ் அப்ரோச், ரன்வே டூ செவன். ரன்வே கண்டிஷன் கோட் ஃபைஃப், ஃபைஃப், ஃபைஃப், வெட். விண்ட் டூ ஃபைஃப் ஜீரோ டிகிரீஸ், ஒன் ஃபோவர் நாட்ஸ், கஸ்டிங் டூ சிக்ஸ். விசிபிலிட்டி டூ டௌசண்ட் ஃபைஃப் ஹண்ட்ரட் மீட்டர்ஸ். மாடரேட் ரெய்ன். கிளவுட் ஸ்கேட்டர்ட் ஒன் டௌசண்ட் டூ ஹண்ட்ரட் ஃபீட், புரோக்கன் டூ டௌசண்ட் ஃபைஃப் ஹண்ட்ரட் ஃபீட். டெம்பரேச்சர் டூ செவன், ட்யூ பாயிண்ட் டூ ஃபைஃப். க்யூஎன்ஹெச் ஒன் ஜீரோ ஜீரோ ஃபைஃப் ஹெக்டோபாஸ்கல்ஸ். டெம்போ விசிபிலிட்டி ஒன் டௌசண்ட் ஃபைஃப் ஹண்ட்ரட் மீட்டர்ஸ் இன் தண்டர்ஸ்டார்ம் அண்ட் ரெய்ன். காஷன், பேர்ட் ஆக்டிவிட்டி. அக்னாலெட்ஜ் இன்ஃபர்மேஷன் பிராவோ."

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். எல்லாவற்றுக்கும் ஒரே நேரம் ஒதுக்கத் தேவையில்லை.

பெயர் ஏன் முதலில்?

சும்மா சடங்கு மாதிரி தோன்றும். மும்பையின் வரலாறு வேறு கதை சொல்கிறது. சான்டாக்ரூஸில் இறங்க வேண்டிய பெரிய விமானங்கள் பக்கத்திலேயே இருக்கும் சிறிய ஜுஹு தளத்தில் இறங்கிய சம்பவங்கள் இங்கே நடந்திருக்கின்றன. 1953ல் ஒரு பிஓஏசி காமெட் விமானம் அப்படி இறங்கியது. 1972 செப்டம்பரில் ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி-8 விமானம் ஜுஹுவில் இறங்கி, ஓடுபாதையைத் தாண்டிப் போய் நின்றது. அவை கண்ணின் குழப்பங்கள், காதின் குழப்பங்கள் அல்ல. ஆனாலும் எந்த நிலையத்தைப் பற்றிய தகவல் இது என்பதை முதல் சொல்லிலேயே உறுதி செய்துகொள்வது ஏன் பழக்கம் ஆனது என்று புரிகிறதல்லவா? 2025 அக்டோபரில் நவி மும்பை நிலையமும் திறக்கப்பட்டுவிட்டது. "மும்பை" என்று காதில் விழுந்தவுடன் திருப்தி அடைந்துவிட முடியாது.

நேரம்

நேரம் எப்போதும் யூடிசி கணக்கில்தான். இந்திய நேரம் வேண்டுமானால் ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். 0540 என்றால் நம் கடிகாரத்தில் காலை 11.10. நள்ளிரவுக்குப் பிறகு இன்னொரு சிக்கல்: மும்பையில் அதிகாலை 2 மணி என்றால் யூடிசியில் இன்னும் முந்தைய நாள், 2030. தேர்வில் "இந்தப் பதிவு எப்போதையது?" என்று கேட்டால் யூடிசியிலேயே பதில் சொல்லுங்கள். யாரும் உங்களிடம் இந்திய நேரம் கேட்கப்போவதில்லை.

காற்று: தமிழ் இங்கே கைகொடுக்கும்

புதிதாகப் படிக்கிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். "விண்ட் டூ ஃபைஃப் ஜீரோ" என்றால் காற்று 250 டிகிரியை நோக்கிப் போகிறதா, 250 டிகிரியிலிருந்து வருகிறதா?

வருகிறது. இதை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை. தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. தமிழில் காற்றுக்குப் பெயர் வைத்தவர்கள் எல்லாரும் அது வரும் திசையைத்தான் பார்த்திருக்கிறார்கள். விமானத் துறையும் அதையே செய்கிறது. 090 என்று கேட்டால் கொண்டல், 270 என்று கேட்டால் கோடை. அவ்வளவுதான்.

ஓடுபாதை எண்ணும் திசைதான். காந்த ஊசி காட்டும் திசையைப் பத்தால் வகுத்து முழு எண்ணாக்கியது. 27 என்றால் விமானம் 270 டிகிரியை, அதாவது மேற்கை நோக்கி இறங்குகிறது. அதே தார்ச்சாலையின் மறுமுனை 09. மும்பையில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் இரண்டு ஓடுபாதைகள் இருக்கின்றன: 09/27, 14/32. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து வீசும் காலத்தில் 27 இயல்பான தேர்வு, ஏனென்றால் விமானம் எதிர்க்காற்றில்தான் இறங்க விரும்பும்.

நம் மாதிரிப் பதிவில் காற்று 250லிருந்து, ஓடுபாதை 270ஐ நோக்கி. வித்தியாசம் 20 டிகிரி. 14 நாட் காற்றில் சுமார் 13 நாட் எதிரே வருகிறது, 5 நாட் இடப்பக்கமிருந்து தள்ளுகிறது. வேகம் திடீரென 26 நாட்டுக்கு எகிறினால் பக்கவாட்டுத் தள்ளல் 9 நாட் ஆகும். அதே காற்றில் 32ல் இறங்க வேண்டி வந்தால் கணக்கே மாறிவிடும்: வித்தியாசம் 70 டிகிரி, 26 நாட் வீச்சில் கிட்டத்தட்ட 24 நாட் பக்கவாட்டில் அடிக்கும். முக்கிய ஓடுபாதை மூடப்பட்டால் மும்பையில் ஏன் இவ்வளவு விமானங்கள் திருப்பி விடப்படுகின்றன என்பதற்கான பதிலில் ஒரு பகுதி இந்தக் கணக்கில் இருக்கிறது.

பேசும் தேர்வில் "வாட் டஸ் திஸ் விண்ட் மீன் ஃபார் யுவர் லேண்டிங்?" என்று கேட்டால், எண்ணைத் திருப்பிச் சொல்வது பதில் ஆகாது. காற்று பெரும்பாலும் எதிரே வருகிறது, கொஞ்சம் இடப்பக்கம், வீச்சு அதிகம், அதனால் வேகத்தைக் கவனிப்பேன் என்று சாதாரண ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.

சின்ன விஷயம்: காதில் கேட்கும் காற்றுத் திசை காந்த வடக்கை வைத்துச் சொல்லப்படுவது. எழுத்தில் வரும் மெட்டார் எனும் வானிலை அறிக்கையில் இருப்பது உண்மை வடக்கை வைத்துச் சொல்லப்படுவது. மும்பையில் இரண்டுக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. கனடாவிலோ அலாஸ்காவிலோ அப்படியல்ல.

பார்வைத் தூரமும் மழையும்

இந்தியாவில் பார்வைத் தூரம் மீட்டரில் சொல்லப்படுகிறது. 1,500 மீட்டருக்குக் கீழே இறங்கினால் ஆர்விஆர் எனப்படும் ஓடுபாதைப் பார்வைத் தூரமும் சேர்ந்து வரும்.

2023 செப்டம்பர் 14 அன்று விசாகப்பட்டினத்திலிருந்து வந்த ஒரு லியர்ஜெட் 45 விமானம் மும்பை ஓடுபாதை 27ல் இறங்கும்போது கனமழையில் விபத்துக்குள்ளானது. அப்போது அறிவிக்கப்பட்ட பார்வைத் தூரம் 700 மீட்டர். உள்ளே இருந்த 8 பேரும் உயிர் தப்பினார்கள். 2019 ஜூலை 1 இரவு ஜெய்ப்பூரிலிருந்து வந்த ஸ்பைஸ்ஜெட் போயிங் 737 மழையில் ஓடுபாதையைத் தாண்டி ஓடி மண்ணில் சிக்கியது. முக்கிய ஓடுபாதை சில நாட்கள் மூடியிருந்தது. இன்னும் பின்னோக்கிப் போனால், 1982 ஜூனில் கோலாலம்பூரிலிருந்து சென்னை வழியாக வந்த ஏர் இந்தியா போயிங் 707, கொட்டும் மழையில் இங்கே இறங்கும்போது நொறுங்கியது. 111 பேரில் 17 பேர் இறந்தார்கள். இவை எதற்கும் ஏடிஸைத் தவறாகக் கேட்டது காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதிவில் "ஹெவி ரெய்ன்" என்று வரும் இரண்டு சொற்கள் மும்பையில் எதைக் குறிக்கின்றன என்பதைக் காட்டும் சம்பவங்கள் இவை.

"லைட்", "மாடரேட்", "ஹெவி" என்ற மூன்றையும் காது பிரித்தறிய வேண்டும். அதோடு 2021 நவம்பரில் உலகம் முழுவதும் நடைமுறைக்கு வந்த ஓடுபாதை நிலைக் குறியீட்டையும் பழகிக்கொள்ளுங்கள். ஓடுபாதையை மூன்று பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 6லிருந்து 0 வரை ஒரு மதிப்பெண் தருவார்கள். 6 என்றால் காய்ந்த தரை. 5 என்றால் ஈரம். தண்ணீர் 3 மில்லிமீட்டருக்கு மேல் தேங்கிவிட்டால் நேராக 2. "ஃபைஃப், ஃபைஃப், டூ" என்று கேட்டால் முதல் இரண்டு பகுதிகள் ஈரம், கடைசிப் பகுதியில் தண்ணீர் நிற்கிறது என்று பொருள். விமானம் வேகத்தைக் குறைத்து நிற்க வேண்டியது அந்தக் கடைசிப் பகுதியில்தான். மழைக்கால மும்பையில் இது வெறும் தேர்வுக் கேள்வி அல்ல.

குளிர்காலக் காலைகளில் மழைக்குப் பதில் வேறு சொற்கள் வரும்: ஹேஸ், ஸ்மோக், மிஸ்ட். மூன்றையும் தமிழில் "பனிமூட்டம்" என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம், அங்கேதான் பிரச்சினை. மிஸ்ட் என்பது நீர்த்துளி, பார்வை ஆயிரம் மீட்டருக்குக் குறையாதது. ஆயிரத்துக்குக் கீழே போனால் அது ஃபாக். ஹேஸ் என்பது உலர்ந்த தூசு. ஸ்மோக் புகைதான். சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் தேவ்னார் குப்பைமேட்டுக்கும் நடுவே வாழ்ந்து, தங்கள் ஊரை "கேஸ் செம்பூர்" என்று கிண்டலடிக்கும் செம்பூர்வாசிகளுக்கு ஹேஸுக்கும் ஸ்மோக்குக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2016 ஜனவரியில் தேவ்னார் எரிந்தபோது அந்தப் புகை செயற்கைக்கோள் படத்திலேயே தெரிந்தது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இந்தத் தகவல் விமான நிலையத்துக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் மட்டும்தான். 2005 ஜூலை 26 அன்று விமான நிலையத்தை ஒட்டிய சான்டாக்ரூஸ் வானிலை ஆய்வகத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. தெற்கே கொலாபாவில் அதே நாளில் பதிவானது 75 மில்லிமீட்டருக்கும் குறைவு. மும்பைக்கு ஒரே வானிலை என்று ஒன்று கிடையாது.

மேகம்

வானத்தை எட்டுப் பங்காக வைத்துக்கொள்ளுங்கள். ஃபியூ என்றால் ஒன்றிரண்டு பங்கு, ஸ்கேட்டர்ட் மூன்று நான்கு, புரோக்கன் ஐந்திலிருந்து ஏழு, ஓவர்காஸ்ட் முழுவதும். புரோக்கன் என்றதும் "உடைந்த மேகம், அப்போ இடைவெளி நிறைய" என்று நினைக்கத் தோன்றும். தலைகீழ். வானத்தில் பாதிக்கு மேல் மூடியிருக்கிறது. மேகக்கூரையின் உயரம் கேட்டால், மிகத் தாழ்ந்த புரோக்கன் அல்லது ஓவர்காஸ்ட் அடுக்கைத்தான் சொல்ல வேண்டும். நம் மாதிரியில் 2,500 அடி, 1,200 அல்ல.

"கேவ் ஓகே" என்ற ஒரு சொல் வந்தால் நிம்மதி: பார்வை 10 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேல், 5,000 அடிக்குக் கீழே மேகமில்லை, இடிமேகம் இல்லை, குறிப்பிடத்தக்க வானிலை எதுவும் இல்லை. மும்பையில் ஜூலையில் இதை எதிர்பார்க்க வேண்டாம்.

நான்கு இலக்கம், ஓர் இலக்கப் பிழை

க்யூஎன்ஹெச் என்பது கடல்மட்டத்துக்குக் கணக்கிட்ட காற்றழுத்தம். விமானி இதை உயரமானியில் பொருத்துவார். அந்தக் கருவி உயரத்தை நேரடியாக அளப்பதில்லை, அழுத்தத்தை அளந்து உயரமாக மாற்றிக் காட்டுகிறது. ஒரு ஹெக்டோபாஸ்கல் தவறினால் சுமார் 28 அடி தவறும்.

2022 மே 23. ஸ்டாக்ஹோமிலிருந்து பாரிஸ் சார்ல்ஸ் டி கோல் நிலையத்துக்கு ஓர் ஏர்பஸ் 320 வந்துகொண்டிருந்தது. அப்போது அங்கே உண்மையான அழுத்தம் 1001. கட்டுப்பாட்டாளர் 1011 என்று சொல்லிவிட்டார். விமானிகளும் 1011 என்றே திருப்பிச் சொல்லிப் பொருத்தினார்கள். பத்து ஹெக்டோபாஸ்கல், அதாவது 280 அடி. கருவி காட்டியதைவிட விமானம் அவ்வளவு கீழே இருந்தது. மழையில் ஓடுபாதை தெரியவில்லை. இறங்குவதைக் கைவிட்டு மேலே ஏறத் தொடங்கியபோது, ஓடுபாதைக்கு ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில், விமானம் தரையிலிருந்து வெறும் 6 அடி உயரம் வரை வந்துவிட்டிருந்தது. பிரான்ஸின் விபத்து விசாரணை அமைப்பான பிஇஏ இதை விரிவாக ஆராய்ந்தது. யாருக்கும் காயமில்லை.

ஒரு பூஜ்யம் ஒன்றாக மாறியது, அவ்வளவுதான் நடந்தது. அதனால்தான் க்யூஎன்ஹெச் இலக்கம் இலக்கமாகச் சொல்லப்படுகிறது, திருப்பியும் சொல்லப்படுகிறது. ஏடிஸில் எழுதிக்கொண்டதும் கட்டுப்பாட்டாளர் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் பழக்கம் உயிர்காக்கும் பழக்கம். தேர்வுக்கு ஒரு குறுக்குவழி: மும்பையில் ஜூலையில் அழுத்தம் 1005ஐ ஒட்டியும் ஜனவரியில் 1014ஐ ஒட்டியும் இருக்கும். காதில் 1050 என்று விழுந்தால், உங்கள் காதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஏன் 'ட்ரீ', 'ஃபைஃப்', 'நைனர்'?

"ஃபைவ்" என்பதும் "நைன்" என்பதும் இரைச்சலில் ஒன்றாகக் கேட்கும். அதனால் ஐசிஏஓ முறையில் ஐந்து ஃபைஃப், ஒன்பது நைனர். மூன்று ட்ரீ, நான்கு ஃபோவர், ஆயிரம் டௌசண்ட். பதினைந்தா ஐம்பதா என்ற குழப்பம் வராமல் இருக்க, ஒன் ஃபைஃப், ஃபைஃப் ஜீரோ என்று தனித்தனியாகச் சொல்கிறார்கள். "த்ரீ"யில் நாக்கு தடுமாறுகிறவர்களுக்கு நல்ல செய்தி: இங்கே "ட்ரீ"தான் சரி.

தமிழ் பேசுகிறவர்களுக்கு வேறொரு இடத்தில் கவனம் தேவை. நம் எழுத்தில் ப ஒன்றுதான். அதனால் பாப்பாவையும் பிராவோவையும் சொல்லும்போது ஒலி சில சமயம் மங்கிவிடும். டெல்டாவும் டேங்கோவும் அப்படித்தான். பதிவைக் கேட்பதோடு நிறுத்தாமல், இந்த நான்கையும் உங்கள் குரலில் பதிவு செய்து, வேறொருவரை எழுதச் சொல்லிப் பாருங்க. அவர் சரியாக எழுதினால் போதும். லண்டன்காரர் மாதிரி பேசவேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

தேர்வு எதைப் பார்க்கிறது?

1996 நவம்பர் 12 அன்று ஹரியாணாவின் சர்க்கி தாத்ரி அருகே சவூதி போயிங் 747ம் கஜகஸ்தானின் இல்யூஷின் 76ம் வானில் மோதின. 349 பேர் இறந்தார்கள். ஒதுக்கப்பட்ட உயரத்துக்குக் கீழே கஜக் விமானம் இறங்கியது காரணம் என்று விசாரணை சொன்னது. அந்தக் குழுவின் ஆங்கிலப் புரிதலும் கேள்விக்குள்ளானது. அதன் பிறகு 1998ல் ஐசிஏஓ பேரவை மொழித்திறனைக் கையில் எடுத்தது. 2003ல் விதிகள் ஏற்கப்பட்டன, 2008 மார்ச் 5 முதல் அவை நடைமுறைக்கு வந்தன. உலகம் முழுவதும் விமானிகள் எழுதும் இந்தத் தேர்வின் வேர்களில் ஒன்று டெல்லிக்குப் பக்கத்து வயலில் இருக்கிறது.

மதிப்பீடு பேசுவதற்கும் கேட்பதற்கும் மட்டும். எழுத்துக்கும் இலக்கணத் தாளுக்கும் இதில் வேலை இல்லை. உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், புரிதல், உரையாடல் என்று ஆறு கூறுகள். 1 முதல் 6 வரை நிலைகள். சர்வதேசப் பறத்தலுக்கு நிலை 4 கட்டாயம். இங்கே பலர் கவனிக்காத விதி ஒன்று இருக்கிறது: ஆறில் எது மிகக் குறைவோ, அதுதான் உங்கள் மொத்த நிலை. சரளத்தில் 5, சொல்வளத்தில் 5, கேட்டுப் புரிவதில் 3 என்றால் முடிவு 3. சராசரி போட மாட்டார்கள். அதனால்தான் நன்றாகப் பேசுகிற பிள்ளைகள்கூட ஒலிப்பதிவில் கோட்டை விட்டால் மாட்டிக்கொள்கிறார்கள். நிலை 4க்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும், நிலை 5க்கு ஆறு ஆண்டுக்கு ஒருமுறையும் மறுதேர்வு. நிலை 6க்கு மறுதேர்வு கிடையாது.

இந்தியாவில் இதை டிஜிசிஏ அங்கீகரித்த மையங்கள் நடத்துகின்றன. ஆர்டிஆர் தனித் தேர்வு. பல பத்தாண்டுகளாகத் தொலைத்தொடர்புத் துறையின் கையில் இருந்த அந்த உரிமம், 2025 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய வாயுயான் அதினியம் சட்டத்தின் கீழ் டிஜிசிஏவின் பொறுப்புக்கு மாறியது. பழைய பயிற்சிப் புத்தகங்களை வாங்குகிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். மொழித்தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் எண்களில் அல்ல, கடைசி வரியில். பறவை நடமாட்டம், டாக்ஸிவே மூடல், வேலை நடக்கிறது, ஒரு விளக்கு எரியவில்லை என்று சாதாரண ஆங்கிலத்தில் வரும் அந்த ஒரு வரிக்குச் சட்டகம் கிடையாது. எண்களை எழுதி முடித்த நிம்மதியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டால் அது நழுவிவிடும்.

வீட்டில் எப்படிப் பயிற்சி செய்வது?

ஒரு தாளில் மேலிருந்து கீழாக வரிசையை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இடம் விடுங்கள். முதல் முறை கேட்கும்போது எண்களை மட்டும் நிரப்புங்கள். ஓர் எண் தவறினால் அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுங்கள். பதிவு எப்படியும் திரும்ப ஓடும், நிஜ வாழ்க்கையிலும் அப்படித்தான். இரண்டாவது முறை வானிலைச் சொற்களும் கடைசி எச்சரிக்கையும். மூன்றாவது முறை கேட்காமல், தாளைப் பார்த்து, விமானம் பற்றி எதுவும் தெரியாத ஒருவருக்குச் சொல்வது மாதிரி சாதாரண ஆங்கிலத்தில் நிலைமையை விளக்குங்கள். தேர்வாளர் கேட்பது கிட்டத்தட்ட இதைத்தான்.

பதிவுகள் எங்கே கிடைக்கும் என்பதுதான் அடுத்த கேள்வி. உரிமம் இல்லாமல் விமான அலைவரிசைகளைக் கேட்கும் கருவியை வாங்கி வைத்துக்கொள்வது இந்தியாவில் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். அந்தப் பக்கம் போகாதீர்கள், தேவையும் இல்லை. மும்பையின் மெட்டார் அறிக்கை அரை மணிக்கு ஒருமுறை வெளியாகிறது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நிலையக் குறியீடு விஏபிபி. சென்னைக்கு விஓஎம்எம். அதை எடுத்து ஏடிஸ் வரிசையில் நீங்களே வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். நண்பர் ஒருவரும் அதையே செய்து இருவரும் மாற்றிக்கொண்டால், எந்தப் பயிற்சி மையத்துக்கும் பணம் கட்டாமல் தினமும் இரண்டு புதிய பதிவு கிடைக்கும். எழுத்தில் சுருக்கமாக இருப்பதை வாயால் விரித்துச் சொல்லும்போது இரண்டுமே படிந்துவிடும்.

யூடியூபில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அமெரிக்கப் பதிவுகள். காதைப் பழக்க நல்லவை, ஆனால் அலகுகள் வேறு. பார்வைத் தூரம் அங்கே மைலில் வரும். அழுத்தம் க்யூஎன்ஹெச் என்று வராது, "ஆல்டிமீட்டர் டூ நைனர் நைனர் டூ" என்று பாதரச அங்குலத்தில் வரும். அதையே கேட்டுப் பழகிய பிறகு தேர்வறையில் ஹெக்டோபாஸ்கலும் மீட்டரும் வந்தால் சில விநாடிகள் தடுமாறும். வாரத்தில் ஓரிரு அமெரிக்கப் பதிவு போதும். மற்ற நாட்களில் மும்பை, சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் நிலையங்களின் மெட்டாரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் டெம்போ, கஸ்டிங், தண்டர்ஸ்டார்ம் எல்லாம் ஒரே அறிக்கையில் வருவது சாதாரணம். பயிற்சிக்கு அதைவிட நல்ல காலம் இல்லை.